எதிரே ஒரு பேய் ரயில்

டீக் கோப்பையோடு கேரவனை விட்டு இறங்கிய மெர்வ் டிராண்டரைப் பார்த்து ஓர் எலும்புக்கூடு கையாட்டியது.

இதற்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை மெர்வ். பேய் ரயில்தான் அவர் பிழைப்பு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் எந்த ஊரில் பொருட்காட்சி நடந்தாலும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பூட்டி நிறுத்திவிடுவார். இருட்டுக்குள் குட்டி ரயில் போகும், சவப்பெட்டி திறக்கும், தலைமேல் சிலந்தி விழும், ஜனங்கள் அலறிக்கொண்டே வெளியே வருவார்கள். அவரிடமும் ஓர் எலும்புக்கூடு உண்டு. ஆனால் அதற்குக் கையாட்ட வராது. காற்றடித்தால் தலையை ஆட்டும், அவ்வளவுதான்.

கையாட்டிய எலும்புக்கூடு எதிர்சாரியில் நின்றது. இரண்டு ஆள் உயரம், கண்ணில் சிவப்பு விளக்கு. அதன் தலைக்கு மேலே பெரிய பலகை: ‘போகாக் குடும்பத்தாரின் மகா பயங்கரப் பேய் ரயில்.’

“நோலீன்! இங்க வா! எதிர்ல பாரு!”

கேரவன் ஜன்னலில் மனைவியின் தலை தெரிந்தது. நோலீன் நிதானமாகப் பார்த்தாள்.

“நல்ல உசரம். கையெல்லாம் ஆட்டுதே!”

“ரசிக்கவா கூப்பிட்டேன்? நம்ம வாசலுக்கு எதிர்லயே இன்னொரு பேய் ரயில்! இது அடுக்குமா?”

“டோஸ்ட் ஆறுது மெர்வ்.”

இந்த வருஷம் பார்த்தா இப்படி நடக்க வேண்டும் என்பதுதான் மெர்வின் வயிற்றெரிச்சல். கூராபின் ஊர்ப் பொருட்காட்சி முடிகிற சனிக்கிழமை மதியம் பிரிஸ்பேனிலிருந்து ஸ்ட்ராகன் என்று ஒருவர் வருகிறார். பெரிய உணவு விடுதிக்காரர். பேய் ரயிலை விலைக்கு வாங்க ஆசைப்படுகிறவர். “கூட்டம் எப்படி இருக்குன்னு கண்ணால பார்த்துட்டு விலை பேசறேன்” என்று போனில் சொல்லியிருந்தார். விற்ற கையோடு யெப்பூனில் கடலைப் பார்த்தபடி ஒரு வீடு வாங்குவதாகத் திட்டம்.

வீடு நோலீனுக்காக. பாவம், கல்யாணமான நாளிலிருந்து சக்கரத்தின் மேல் குடித்தனம் நடத்துகிறவள். அவளுக்கு நகராத ஒரு சமையலறை வேண்டும் என்று மெர்வே முடிவு கட்டியிருந்தார். தவிர அவருக்கு முட்டி வலி வேறு. ஒரு வருஷமாக அவர் வாயைத் திறந்தால் முட்டிதான் வெளியே வந்தது. கேரவன் மேஜையில் புது வீட்டுக்கான திரைச்சீலைத் துணி மாதிரிகள் கிடந்தன. நோலீன் அவ்வப்போது அவற்றைப் புரட்டிப் பார்ப்பாள். அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், எப்படியாவது நல்ல விலைக்கு விற்றுவிட வேண்டும் என்று மெர்வ் மனசுக்குள் சொல்லிக்கொள்வார்.

“இந்தப் பய என் கூட்டத்துல பாதியை வெட்டிட்டான்னா ஸ்ட்ராகன் என்ன விலை சொல்லுவான்? உன் வீடு என்னாகும், யோசிச்சியா?”

“யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன்” என்றாள் நோலீன். “நீ முதல்ல சாப்பிடு.”

மெர்வ் சாப்பிடவில்லை. நேராகப் பொருட்காட்சிச் சங்கத்தின் செயலாளரைப் பார்க்கப் போனார். செயலாளர் கிளெண்டா பரிசு வாங்கிய பூசணிக்காய்களுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள்.

“எதிர்ல இருந்த இடம் காலியாச்சு. போகாக் கேட்டாரு. குடுத்தோம். இதுல என்னப்பா தப்பு?”

“எதிரெதிர்ல ரெண்டு பேய் ரயில் எந்த ஊர்லயாவது உண்டா கிளெண்டா?”

“மோதுற கார் ரெண்டு செட்டு ஒண்ணை ஒட்டி ஒண்ணு நிக்குது. குச்சியில குத்தின சாசேஜ் விக்கிற வண்டி மூணு வரிசையா நிக்குது. ஏன், இந்த ஊர்ல இருக்கறதே ரெண்டு பீர் பாரு, ரெண்டும் ஒரே முக்குல. அவங்கள்ல எவனாவது எங்கிட்ட வந்து அழுதானா?”

“சாசேஜ் வேற, பயம் வேற. ஒருத்தன் ஒரு நாளைக்கு ரெண்டு சாசேஜ் திம்பான். ரெண்டு தடவை பயப்படுவானா?”

“எனக்கு வர்ற போனையெல்லாம் நீ எடுத்துப் பாரு, நாள் பூரா பயப்படலாம்.” கிளெண்டா அடுத்த பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டாள். “அவரை நகர்த்த முடியாது. உனக்கு வேணும்னா கோழிக் கொட்டகைப் பக்கம் இடம் இருக்கு. போறியா?”

இந்தத் தொழிலில் இடம் என்பது அப்பா பிள்ளைக்கு விட்டுப்போகிற சொத்து. மெர்வ் நின்ற இடத்தில்தான் அவர் அப்பா நின்றார், அவருக்கு முன் தாத்தா நின்றார். ஒருவன் தன் இடத்தைத் தானாகவே விட்டுக் கிளம்பினான் என்றால், ராட்டினக்காரர்கள் இழவு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொள்வார்கள். அன்றைக்கும் வைத்துக்கொண்டார்கள். போகாக் இல்லாத இடமாக இருந்தால் போதும் என்று மெர்வ் யாரையும் பார்க்காமல் சவப்பெட்டியை லாரியில் ஏற்றினார்.

வெள்ளிக்கிழமை காலையில் கோழிக் கொட்டகைப் பக்கம் பேய் ரயில் திறந்தது. அங்கே எதிரி யாரும் இல்லை. கூட்டமும் இல்லை. முதலில் வந்த ஜோடி வாசலில் நின்று யோசித்தது.

“போகலாமா?”

“போகணுமா?”

“சும்மா கேட்டேன்.”

“அப்ப வேண்டாம்.”

அவர்கள் பூசணிக்காய் பார்க்கப் போய்விட்டார்கள். அடுத்து வந்த அம்மாள், இதுதான் கழிப்பறையா என்று கேட்டாள். மூன்றாவதாக ஒரு குடும்பம் துணிந்து ஏறியது. சவப்பெட்டி திறந்து பிணம் எழுந்திருக்கிற அதே நேரத்தில் பக்கத்துக் கொட்டகையில் ஒரு சேவல் கூவியது. பிணம் வேலைக்குக் கிளம்புகிற மாதிரி ஆகிவிட்டது. குடும்பம் சிரித்துக்கொண்டே இறங்கியது. பேய் ரயில்காரனுக்கு அதைவிட அவமானம் கிடையாது.

போதாக்குறைக்குக் கோழிப் போட்டியின் நடுவர் வந்தார்.

“உங்க பேய் அலறுற அலறல்ல என் கோழியெல்லாம் மூலையில போய் ஒண்டுது. ஒரு வெள்ளைக்கோழி என் கையிலயே முட்டை போட்டுடுச்சு.”

“அதுக்குப் பயந்த ஒரே ஆளு உங்க கோழிதாங்க” என்றார் மெர்வ் வருத்தத்தோடு.

மதியத்துக்குள் லாரிச் சத்தம் கேட்டது. மெர்வ் எட்டிப் பார்த்தார். போகாக்கின் எலும்புக்கூடு லாரியில் படுத்தபடி வந்து இறங்கியது. டட்லி போகாக், குட்டையான மனுஷர், அவசரமே இல்லாமல் கயிறுகளை அவிழ்த்தார். அவர் மனைவி பெரில், அவரைவிட ஒரு முழம் உயரம், குரலோ அதையும்விட உயரம், டிக்கெட் கூண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மெர்வின் வாசலுக்கு நேர் எதிரே வைத்தாள்.

“யோவ்! எதுக்குய்யா என் பின்னாலயே வர்றே?” என்று கத்தினார் மெர்வ்.

“இங்க காத்து நல்லா வருது மாப்ளே” என்றார் போகாக்.

“கோழி நாத்தம் வருது!”

“அதுவும் வருது.”

“அங்க உனக்கு என்ன குறைச்சல்? நான்தான் ஒதுங்கி வந்துட்டேன்ல?”

“அதான் மாப்ளே. நீ இல்லாம அங்க ஒரு மாதிரி வெறிச்சுன்னு இருந்துச்சு.”

மெர்வ் தலையில் அடித்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் நோலீன் ஒரு தட்டில் கேக்கை வைத்துத் துணியால் மூடி எதிர்ப்பக்கம் எடுத்துப்போய்க் கொண்டிருந்தாள்.

“எதிரிக்குக் கேக்கா?”

“புதுசா வந்தவங்க. பேய் ரயில் வெச்சிருக்காங்கங்கறதுக்காகப் பட்டினி போட முடியுமா?”

அன்று பிற்பகல் மெர்வ் தொழில்முறை வைத்தியத்தில் இறங்கினார். காலியாகக் கிடக்கிற வாசலில் எவனும் முதல் ஆளாக நிற்க மாட்டான். அதனால் நாலு செட்டப் ஆட்களை நிறுத்தி, உள்ளே போய் வந்து “ஐயோ, உயிரே போயிடுச்சு!” என்று சொல்ல வைப்பது இந்தத் தொழிலில் பரம்பரை வழக்கம். அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை, விளம்பரம் என்பார்கள். மெர்வ், ஆட்டு ரோமம் கத்தரிக்க வந்திருந்த கோஷ்டியைப் பிடித்தார். தலைவர் பெயர் கிளாரி. ஆளுக்கு ஒரு சாசேஜ் என்று பேச்சு.

கோஷ்டி வரிசையில் நின்றது. பின்னால் ஜனங்களும் நிற்க ஆரம்பித்தார்கள். மெர்வின் முகம் மலர்ந்தது. கிளாரி ரயிலில் போய்விட்டு வெளியே வந்தார்.

“எப்படி இருந்துச்சுங்க?” என்று வரிசையிலிருந்து ஒருவர் ஆவலாகக் கேட்டார்.

கிளாரி நியாயமான மனுஷர். தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

“உயிரே போயிடுச்சுன்னு சொல்லச் சொன்னாரு மெர்வ்.”

வரிசை கலைந்தது. கிளாரி கோஷ்டி சாசேஜைத் தின்றுகொண்டே, சொந்தக் காசில், எதிர்ப்பக்கம் போகாக்கின் ரயிலில் ஏறியது. கிளாரி இறங்கி வரும்போது முகம் வெளுத்திருந்தது. இந்தத் தடவை அவர் எதுவும் சொல்லவில்லை. அதைப் பார்த்து அந்தப் பக்கம் இருபது பேர் டிக்கெட் எடுத்தார்கள்.

மெர்வுக்குக் கோபத்தில் கண்மண் தெரியவில்லை. மாதர் சங்கத்தார் ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டி விற்கிற கொட்டகைக்குப் போனார். கூராபினில் ஒரு விஷயம் பரவ வேண்டுமென்றால் அங்கே டீ ஊற்றுகிற திருமதி ஹிக்கினிடம் ரகசியமாகச் சொன்னால் போதும்.

“உங்ககிட்ட மட்டும் சொல்றேன். போகாக் ரயில்ல ஒரு அம்மா மயக்கம் போட்டு விழுந்துட்டாங்களாம். அவ்வளவு பயங்கரமாம். யாரும் போகாம இருந்தா நல்லது.”

“அட கடவுளே!” என்றாள் திருமதி ஹிக்கின்.

மெர்வ் ஸ்கோன் ஒன்றை மென்றுகொண்டே திரும்பி வந்தார். போகாக்கின் வரிசை வாத்துக் கூண்டைச் சுற்றி வளைந்து நின்றது. மயக்கம் போட ஆசைப்பட்ட இளவட்டங்கள் அத்தனையும் அங்கேதான். மெர்வ் திரும்ப ஓடினார்.

“திருமதி ஹிக்கின், நான் சொன்னது தப்பு. அதுல பயமே இல்லையாம். தாலாட்டு மாதிரி இருக்குதாம். கைக்குழந்தை கூட தூங்கிடுதாம்.”

“அப்படியா! நல்லதாப் போச்சு!” என்றாள் அவள்.

கைக்குழந்தை வைத்திருந்த அத்தனை தாய்மார்களும் தள்ளுவண்டியோடு கிளம்பினார்கள். முதியோர் இல்லத்து வேன் ஒன்று வந்து நின்றது. வரிசை வாத்துக் கூண்டைத் தாண்டி, கோழிக் கொட்டகையைச் சுற்றி, திரும்பி வந்து, அதன் வால் மெர்வின் வாசலில் முடிந்தது.

மெர்வ் தன் டிக்கெட் கூண்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். யெப்பூன் வீட்டின் கதவு சாத்திக்கொள்வது அவருக்குக் காதில் கேட்டது. பெண்டாட்டிக்கு ஒரு சமையலறை வாங்கித் தர வக்கில்லாமல் போய்விட்டதே என்று உண்மையாகவே கண் கலங்கியது.

“ஏங்க, இது ஓடுதா?”

மெர்வ் நிமிர்ந்தார். வரிசையின் வாலில் நின்ற ஒரு தம்பதி.

“அந்த ரயிலுக்கு இன்னும் நேரம் ஆகும் போல. சும்மா நிக்கறதுக்கு இதுல ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமேன்னு...”

அவர்கள் போனார்கள். வெளியே வந்து, அந்த ரயிலில் ஏறி இறங்கியவர்களோடு சண்டைக்கு நின்றார்கள். இதுதான் பயம் என்றார்கள் இவர்கள். அதுதான் என்றார்கள் அவர்கள். அவர்கள் இதில் ஏறிப் பார்த்தார்கள், இவர்கள் அதில் ஏறிப் பார்த்தார்கள். சண்டை வலுத்தது. சாயங்காலத்துக்குள் முக்கில் இருந்த இரண்டு பாரும் கட்சி பிரிந்தன. ஒரு பார் மெர்வ் பக்கம், மற்றது போகாக் பக்கம். பூசணிக்காய் பார்க்கப் போன ஜோடி கூடத் திரும்பி வந்தது.

“போகலாமா?” என்று இப்போது அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. “எதுல முதல்ல?” என்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலையில் மெர்வ் பரணிலிருந்து ஒலிபெருக்கியை எடுத்தார். அதை அவர் தொட்டு ரொம்ப காலமாகியிருந்தது.

“வாங்க, வாங்க! எதிர் ரயில்ல ஏறினவங்களை எழுப்பித்தான் வெளிய அனுப்பறாங்க! முழிச்சுக்கிட்டே பயப்படணும்னா இங்க வாங்க!”

எதிரே பெரிலுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

“அந்த ரயில்ல இருக்கற பேய்க்கு முட்டி வலி! உங்களைத் துரத்தினா பாதியில உக்காந்துடும்!”

ஜனங்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். முட்டி விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க மெர்வுக்கு அவகாசமில்லை. விறுவிறுவென்று ஏணியில் ஏறி ரயில் கூரை மேலேயே நின்றுகொண்டார்.

“எங்க பிணம் சேவல் கூவினா எந்திரிக்கும்! நேரம் தவறாத பிணம்! டட்லி போகாக், உன் பிணத்துக்கு மணி பார்க்கத் தெரியுமாய்யா?”

“எங்க பிணத்துக்கு இன்னிக்கு லீவு மாப்ளே!” என்றார் போகாக் கீழேயிருந்து.

மதியம் ஸ்ட்ராகன் வந்தபோது மெர்வ் இன்னும் கூரை மேல்தான் இருந்தார். சட்டை நனைந்திருந்தது, குரல் கம்மியிருந்தது. ஸ்ட்ராகன் கூட்டத்தைப் பார்த்தார். வரிசை எங்கே தொடங்குகிறது என்று தேடிப்பார்த்து, கண்டுபிடிக்க முடியாமல் திரும்பி வந்தார்.

“பிரமாதம்! நீங்க கேட்ட விலையையே தர்றேன். இன்னிக்கே முடிச்சுக்கலாம்.”

மெர்வ் ஏணியில் இறங்கி வந்தார். “சந்தோஷம்” என்றார். சந்தோஷம் எங்கே என்று உள்ளே தேடினார், அகப்படவில்லை.

“விடுதியில வெச்சு ஓட்டப் போறீங்களா?”

“ஓட்டறதா? சேச்சே. தண்டவாளத்தை எடுத்துட்டு உள்ள மேஜை போடுவோம். ஓடினா சூப் சிந்துமே. அந்த சவப்பெட்டி நல்ல நீளம். அதுல ஐஸ் கொட்டி சாலட் வெச்சுடலாம்.”

“என் அப்பா செஞ்ச சவப்பெட்டியில,” என்றார் மெர்வ் மெதுவாக, “சாலட்.”

“பீட்ரூட், வெள்ளரிக்கா, எல்லாம்.”

மெர்வ் எதிரே பார்த்தார். போகாக்கின் எலும்புக்கூடு கையாட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு விற்றுவிட்டால் நாளைக்கு அதன் எதிரே யார் நிற்பது? டிராண்டர் தோற்று ஓடிவிட்டான், இப்போது வெள்ளரிக்காய் விற்கிறான் என்று ஒலிபெருக்கி இல்லாமலே பெரில் ஊரெல்லாம் சொல்ல மாட்டாளா?

“மன்னிச்சுக்கோங்க. விக்கல.”

“என்ன? விலை பத்தலையா?”

“விக்கல சார். வேணும்னா ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. காசு வேண்டாம்.”

சொன்ன மாத்திரத்தில் மார்பின் மேலிருந்து யாரோ எழுந்து போன மாதிரி இருந்தது மெர்வுக்கு. அந்த நிம்மதி கேரவன் வாசல் வரைதான் தாங்கியது. விளக்குகளையெல்லாம் அணைத்து, கடைசி ஆளையும் அனுப்பிவிட்டு வந்தபோது, உள்ளே மேஜையில் திரைச்சீலைத் துணிகளை வைத்துக்கொண்டு நோலீன் உட்கார்ந்திருந்தாள். ஊரையே பயமுறுத்திப் பிழைத்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“நோலீன், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.”

“சொல்லு.”

“நான் கேட்ட விலைக்கு ஸ்ட்ராகன் ஒத்துக்கிட்டாரு. நான்தான்... விக்க மாட்டேன்னுட்டேன்.”

நோலீன் ஒரு துணியை நீவிவிட்டாள்.

“தப்புதான். உன் வீட்டைக் கெடுத்துட்டேன். ஆனா என்னால முடியல நோலீன். அந்தாளு சவப்பெட்டியில சாலட் வெக்கறேங்கறான். அப்புறம் அந்தப் போகாக்கோட எலும்புக்கூட்டைப் பார்த்தேன். அவன் எதிர்ல நிக்கணும் போல இருந்துச்சு. இன்னும் பத்து வருஷம் நிக்கணும் போல இருந்துச்சு.”

“முட்டி?”

மெர்வ் குனிந்து முட்டியைப் பார்த்தார். காலையிலிருந்து அது இருக்கிறதா என்றே அவருக்கு ஞாபகமில்லை.

“வலிக்கல” என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

நோலீன் துணி மாதிரிகளை ஒன்றாக மடித்தாள். எழுந்துபோய்க் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

“அப்பாடா!”

“என்ன அப்பாடா? நீதானே வீட்டுக்கு ஆசைப்பட்டே?”

“நானா? எப்ப? நீயே சொன்னே, நீயே முடிவு பண்ணினே. ஜன்னல்ல தினம் ஒரே கடலைப் பார்த்துக்கிட்டு நான் அங்க என்ன பண்ணுவேன் மெர்வ்? பைத்தியம் பிடிச்சுடும். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா, நீ எனக்காகத் தியாகம் பண்றேன்னு கிளம்பிடுவே. அந்தத் தியாகத்தை ஆயுசு பூரா நான் கேட்டுக்கிட்டு இருக்கணும்.”

மெர்வ் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கேரவனே ஆடியது. மெர்வ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ போட வேண்டுமென்று கதவுக்குப் பின்னால் இருந்த அடுப்புப் பக்கம் போனார்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. காலி கேக் தட்டோடு பெரில் போகாக் நின்றாள். கதவுக்குப் பின்னால் இருந்த மெர்வ் அவள் கண்ணில் படவில்லை.

“நோலீன், உன் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துடுச்சா, இல்ல நீ சொன்ன மாதிரி அடுத்த ஊர்லயும் நாங்க எதிர்லயே வந்து நிக்கணுமா?”